செகண்ட் ஹேண்ட் ரிவால்வரைக் கம்பெனி ரிப்பேருக்கு எடுத்துக்கொள்ளுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மணல்மேடு எழுதியது:

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன், டாலஸுக்கு வடக்கே. போன மாதம் ஒரு டீலரிடம் செகண்ட் ஹேண்டில் .357 மேக்னம் ரிவால்வர் வாங்கினேன். ஸ்டெயின்லெஸ், நாலு அங்குல பேரல், ஆறு தோட்டா. வரி நீங்கலாக 480 டாலர். டீலரிடம் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, முறையாகத்தான் கைக்கு வந்தது. முன்பு வைத்திருந்தவர் அதிகம் சுட்டதே இல்லை, அலமாரியிலேயே கிடந்தது என்றார் டீலர். விற்பனைக்கு வருகிற எல்லாத் துப்பாக்கியும் அலமாரியில்தான் கிடந்திருக்கும் போல.

முதல் தடவை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, கொண்டுபோனேன். இரண்டாவது பெட்டித் தோட்டாவில் பாதி போயிருக்கும், வலது பக்கத் தடுப்புக்கு அந்தப்புறம் நின்றவர் வந்து தோளைத் தட்டினார். கன்னத்தில் ஏதோ சுருக்கென்று பட்டதாம். அவர் சட்டைக் காலரில் இருந்து எடுத்துக் காட்டினார்: ஈயச் சீவல், நகம் வெட்டிய துணுக்கு அளவுக்கு. நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மூட்டை கட்டினேன்.

வீட்டுக்கு வந்து, காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, சிலிண்டரில், அதாவது தோட்டா நிரப்புகிற உருளையில், ஆறு அறைக்கும் பச்சை மார்க்கரால் புள்ளி வைத்து எண் கொடுத்தேன். ஹாமரை, பின்னால் இருக்கிற அந்தச் சுத்தியலை, கட்டைவிரலால் ரொம்ப மெதுவாகப் பின்னால் இழுத்தேன். 1, 2, 3, 5 ஒழுங்காக வந்து டக்கென்று பூட்டிக்கொள்கின்றன. 4-உம் 6-உம் மட்டும், ஹாமர் முழுக்கப் பின்னுக்குப் போய் நின்ற பிறகும் ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுகின்றன. விரலால் லேசாகத் தொட்டால்தான் பூட்டு விழுகிறது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் சுற்றிய வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்கிறது. கடையில் நான் வேகமாகத்தான் இழுத்துப் பார்த்தேன்.

டீலர் கையை விரித்துவிட்டார். இருக்கிற நிலையில் விற்றது என்று பில்லிலேயே போட்டிருக்கிறதாம், போட்டிருக்கிறதுதான். கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலில் இரண்டு கேள்வி: சீரியல் நம்பர் என்ன, முதல் உரிமையாளர் நீங்கள்தானா?

இரண்டாவதில்தான் சிக்கி நிற்கிறேன். அவர்கள் வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்று இருக்கிறது. "புதுசாத்தான் வாங்கினேன், பில் தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க" என்கிறாள் என் மனைவி. உண்மையைச் சொன்னால் எடுத்துக்கொள்வார்களா? அனுப்புவதற்கு டீலர் வழியாகத்தான் போக வேண்டுமா? கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

---

பழையஇரும்பு எழுதியது:

உங்கள் மனைவி சொல்வதை நான் ஏற்கெனவே செய்து பார்த்து மூக்குடைபட்டவன், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், இங்கே பென்சில்வேனியாவில், பழைய 9 எம்எம் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். காலித் தோட்டாக்கூடு வெளியே வராமல் மாட்டிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாள் ரொம்ப மரியாதையாகப் பேசினார். எப்போது வாங்கினீர்கள் என்றார். போன வருடம், புதிதாக என்றேன். சீரியல் நம்பர் கேட்டார், சொன்னேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சின்ன மௌனம். "சார், இது 1994-ல் எங்கள் ஃபாக்டரியை விட்டுப் போயிருக்கிறதே" என்றார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. இருபது வருடத்துக்கு மேல் கடை அலமாரியிலேயே இருந்ததா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்களாகவே லேபிள் அனுப்பினார்கள், கூட்டை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரை மாற்றி அனுப்பினார்கள், காசு வாங்கவில்லை. அந்தப் பொய் எனக்கு ஒரு நயா பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை.

சீரியல் நம்பர் என்பது துப்பாக்கியின் ஜாதகம். எந்த வருடம், எந்த மாடல், எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்று அவர்கள் முன்னால் விரிந்து கிடக்கும். ஆகவே உண்மையை எழுதுங்கள்: இன்ன தேதியில், இன்ன ஊர் டீலரிடம், செகண்ட் ஹேண்டில்.

வாரண்டி வேறு, சர்வீஸ் வேறு. முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று காகிதத்தில் இருந்தால், உங்களுக்கு இலவசமாகச் செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். செய்யவே மாட்டோம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எழுத்தில் வாரண்டியே கொடுக்காத கம்பெனியும் உண்டு. ருகர் துப்பாக்கியோடு வரும் கையேட்டைப் பாருங்கள்: வாரண்டி அட்டை ஏன் இல்லை என்று 1975-இன் மேக்னஸன்-மாஸ் சட்டத்தைக் காட்டி விளக்கம் எழுதியிருப்பார்கள். எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, கொடுத்தால் இன்னின்னபடி கொடு என்கிறது. சரி, நாங்கள் கொடுக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் எனக்குக் கிடைத்த நல்ல சர்வீஸ்களில் ஒன்று அவர்களிடம்தான்.

அது ஒவ்வொரு தடவையும் ஹாமரைக் கையால் இழுத்துச் சுட வேண்டிய ஒரு பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். 1953-இல் இருந்து 1972 வரை அவர்கள் செய்த அந்த வகையில், ஹாமர் கீழே இறங்கியிருக்கும்போது அடிக்கும் ஊசியின் மேல் சாய்ந்திருக்கும், ஊசி நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கும். கை தவறி ஹாமர் கீழே படும்படி விழுந்தால் வெடிக்கலாம். அதனால்தான் பழைய ஆட்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் ஹாமரை விடுவார்கள். 1973-இல் ட்ரான்ஸ்ஃபர் பார் (ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் ஹாமரின் அடியை ஊசிக்குக் கடத்துகிற தகடு) வைத்த புது மாடல் வந்துவிட்டது. பழையதை யார் அனுப்பினாலும், எத்தனையாவது கையாக இருந்தாலும், இலவசமாகப் புது உள்பாகம் வைத்துத் தருகிறார்கள். எனக்குத் திரும்பி வந்த பெட்டியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. உள்ளே கழற்றிய பழைய ஹாமர், ட்ரிக்கர் எல்லாம் எண்ணெய் தடவி வைத்திருந்தது. மூலப் பாகம் இல்லாவிட்டால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பையை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன், இருந்தாலும் அதை மறுபடி மாட்டுகிற எண்ணம் கிடையாது.

நடக்காத கதையும் உண்டு. இன்னொரு .357, வேறு கம்பெனி. பேரல் ஆரம்பிக்கும் இடத்தில், தோட்டா சிலிண்டரை விட்டுப் பாய்ந்து நுழையுமே அந்த வாயில், ஆறு மணி நிலையில் விரிசல். கனம் குறைந்த தோட்டாவை முழு மேக்னம் மருந்தோடு போட்டு அடித்திருக்கிறார்கள். ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு, "இந்த மாடலுக்குப் பேரல் இருப்பு இல்லை" என்று ஒரு வரிச் சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள். போன் செய்தால் பாட்டு, பாட்டு, பாட்டு. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கண்டுபிடித்தது டைமிங் கோளாறு. சிலிண்டரின் பின்பல்லைத் தள்ளி மேலே கொண்டுவருகிற இரும்பு நாக்கு ஒன்று உள்ளே இருக்கிறது, கை என்பார்கள். அதுவோ, அது தள்ளுகிற பல்லோ தேய்ந்தால் அறை பேரலுக்கு நேராக வந்து சேராது. தோட்டா விளிம்பில் உரசி, ஈயம் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் சீறும். ஆறில் இரண்டு மட்டும் என்றால் அந்த இரண்டு பல்லிலும் தேய்மானம் அதிகம் என்று ஊகிக்கலாம். யாரோ ஒருவர் சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடி மூடி விளையாடியிருந்தால் அந்தச் சேதம் வேறு மாதிரி இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடிதம்தான் முக்கியம். "சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதினால், அங்கே ஒருவர் நாலு தடவை வேகமாக இழுத்துப் பார்த்துவிட்டு "குறை எதுவும் காணவில்லை" என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார். இங்கே எழுதினீர்களே, அதை அப்படியே எழுதுங்கள்: மெதுவாக இழுத்தால் 4-உம் 6-உம் பூட்டவில்லை, பச்சைப் புள்ளி வைத்திருக்கிறேன், பக்கத்தில் நின்றவர் முகத்தில் ஈயம் பட்டது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சொகுசுக்காகக் கேட்கிற ரிப்பேர் ஒரு வரிசை, ஆளுக்கு அடிபடும் என்கிற ரிப்பேர் இன்னொரு வரிசை.

அனுப்புவதற்கு முன்னால் கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலுக்குப் பாதுகாப்பு அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள். டோஸ்டருக்கும் தொட்டிலுக்கும் ரீகால் போட வைக்கிற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது, 1972 சட்டத்திலேயே அதை விலக்கிவிட்டார்கள். கம்பெனி தானாக அறிவித்தால்தான் உண்டு. அப்படி அறிவித்திருந்தால் எத்தனையாவது கை என்று அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள்.

டீலர் தேவையில்லை. பழுது பார்க்க உரிமையாளர் நேரடியாக லைசென்ஸ் உள்ள தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், அவர்களும் நேராக உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் லேபிள் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் இப்போது தங்களோடு ஒப்பந்தம் உள்ள லைசென்ஸ்தாரர்களிடம்தான் துப்பாக்கிப் பார்சல் வாங்குகிறார்கள், சொந்தக் கணக்கில் நீங்கள் போய் நின்றால் நடக்காது. தபால் ஆபீஸ் பக்கம் போகவே வேண்டாம், கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்பத் தடை போட்ட சட்டம் 1927-இலேயே வந்தது. பெட்டிக்கு மேலே துப்பாக்கி என்று எதுவும் எழுதாதீர்கள். உள்ளே ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, காலிக் கூடும் வேண்டாம்.

---

ரேஞ்சுக்காரி எழுதியது:

பழையஇரும்பு அண்ணா சொன்னதோடு ஒன்று: உள்ளே முன் சொந்தக்காரர் என்னென்ன மாற்றி வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். எனக்குத் தெரியவில்லை.

நான் வாங்கிய சின்ன 9 எம்எம் பிஸ்டலில் ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி இருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடு ஒழுங்காக முன்னால் போய் மூடாததால் அனுப்பினேன். அவர்கள் திறந்து பார்த்து, ட்ரிக்கர் பாகங்கள் தங்களுடையவை இல்லை, இதைச் சரிசெய்வதை விட மாற்றிக் கொடுப்பதே மேல் என்று புது பிஸ்டலே கொடுத்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதியது, சீரியல் நம்பர் வேறு. அதைத் தங்கள் வழக்கம் என்று டீலருக்கு அனுப்பினார்கள், நான் மறுபடி 4473 நிரப்பி, டீலருக்கு 30 டாலர் அழுதேன். என் வெண்ணெய் ட்ரிக்கர் குப்பைக்குப் போயிருக்கும். திருப்பிக் கேட்டதற்கு, வெளிப்பாகங்களைத் திருப்பித் தருவதில்லை, படிவத்திலேயே இருக்கிறது என்றார்கள். இருந்தது, ஆறாவது பத்தியில்.

மரக் கைப்பிடி, குறிபார்க்கிற விலை உயர்ந்த சைட், உறை எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள். பிஸ்டல் என்றால் தோட்டா அடுக்குகிற மேகசின் ஒன்றே ஒன்று போதும், அதுவும் சிக்கல் வருகிற மேகசினையே அனுப்புங்கள்.

---

குறிதவறாதவன் எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? பக்கத்தில் ரிவால்வர் தெரிந்த கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி ரிப்பேர்காரர், இருந்தால் ஒரு கை வாங்கி, அரம் போட்டு, இரண்டு நாளில் பொருத்திக் கொடுப்பார். கம்பெனிக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் அதன் முகத்தையே பார்க்க முடியாது.

---

பழையஇரும்பு எழுதியது:

ரிவால்வர் தெரிந்த கன்ஸ்மித் என்று சொன்னீர்களே, அங்கேதான் கஷ்டம். இப்போது பாதிப் பேர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்டுவதோடு சரி. தவிர, சில கம்பெனிகள் சில பாகங்களை வெளியே விற்பதே இல்லை, ஃபாக்டரியில் மட்டும்தான் பொருத்துவார்கள். இவருடையது அதில் ஒன்றா என்று அந்த மின்னஞ்சலிலேயே கேட்கலாம். கம்பெனியே மூடிப் போன பிராண்ட் என்றால் உங்கள் கட்சிதான் நானும்.

---

புதுக்குடி எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. நான் எச்-1பி-யில் இருக்கிறேன். என் ரூம்மேட் கிரீன் கார்டு, அவருடைய பிஸ்டல் ரிப்பேருக்குப் போக வேண்டும். அவர் ஊருக்குப் போயிருக்கிறார், லேபிள் வந்துவிட்டது. பெட்டியை நான் யுபிஎஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

---

ரேஞ்சுக்காரி எழுதியது:

வேண்டாம் தம்பி, தொடாதீர்கள். எச்-1பி நான்-இமிக்ரன்ட் விசா. அதில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் ஒரு பார்சலுக்காக அதை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டுக்காரர் கதை வேறு. அவர் வந்து தானே கொடுக்கட்டும், லேபிள் காலாவதியானால் இன்னொன்று கேட்டால் தருவார்கள்.

---

மணல்மேடு எழுதியது:

எட்டு வாரம் கழித்து வருகிறேன். துப்பாக்கி நேற்று வந்துவிட்டது.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். டீலர் பில்லின் நகலையும் வைத்தேன், ஈயம் பட்ட கதையையும். இரண்டு நாளில் லேபிள் வந்தது. பெட்டியை லேபிளில் சொல்லியிருந்த யுபிஎஸ் மையத்துக்கே கொண்டுபோனேன். முதலில் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கடைக்குத்தான் போனேன், அங்கே உள்ளே என்ன என்று கேட்டுவிட்டு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் சத்தமே இல்லை. இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் "பெறப்பட்டது" என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் போன் செய்தேன், நாற்பது நிமிடம் காத்திருந்தேன், பழையஇரும்பு அண்ணா சொன்ன அதே பாட்டு ஜாதிதான். பேசியவர் உங்களுடையது மேஜைக்குப் போய்விட்டது, பாகம் வரக் காத்திருக்கிறோம் என்றார். அடுத்த பத்து நாளில் அனுப்பிவிட்டதாக மின்னஞ்சல். டெலிவரிக்கு 21 வயது முடிந்தவர் கையெழுத்து வேண்டும் என்பதை மறந்து ஆபீஸ் போய்விட்டேன். வீட்டில் என் பையன்தான், பதினாறு வயசு. மறுநாள் லீவு போட்டு வாசலிலேயே உட்கார்ந்து வாங்கினேன்.

உள்ளே ஒரு சீட்டு, நாலு வரி. கை மாற்றப்பட்டது. சிலிண்டரின் பின்பல் மாற்றப்பட்டது. மெயின் ஸ்பிரிங் மாற்றப்பட்டது. சுட்டுச் சோதிக்கப்பட்டது. கட்டணம் என்ற இடத்தில் சைபர். கீழே, வாரண்டி பொருந்தாது, இந்த ஒரு முறை மரியாதை நிமித்தம் என்று போட்டிருந்தார்கள். மனைவியிடம் காட்டினேன். "அப்போ நான் சொன்னதும் ஒண்ணுதான், நீங்க எழுதினதும் ஒண்ணுதான்" என்கிறாள். விட்டுவிட்டேன்.

ஹாமரை அடிக்க வைக்கிற மெயின் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ரேஞ்சுக்காரி சொன்ன மாதிரி முன் சொந்தக்காரர் மெல்லியது ஒன்றைப் போட்டிருந்தார் போல, அதைக் கழற்றி ஃபாக்டரி ஸ்பிரிங்கை வைத்துவிட்டார்கள். ட்ரிக்கர் இப்போது கல் மாதிரி. ஒரு வாரம் பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

காலியா என்று பார்த்துவிட்டு, ஹாமரை மெதுவாக இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஹாமர் பின்னால் போய் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாடியே டக். ஆறும் அப்படியே. நான் வைத்த பச்சைப் புள்ளிகளை அவர்கள் துடைக்கவே இல்லை. 4-க்கும் 6-க்கும் பக்கத்தில் மட்டும் யாரோ நீலப் பேனாவால் சின்னதாக ஒரு டிக் போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன். வலது பக்கம் சுவர் இருக்கிற கடைசித் தடுப்பாகக் கேட்டு வைத்திருக்கிறேன்.